யாரும் வெட்டாத ரூபாய்

சாலைக் கடைத்தெருவில் தாணுமாலையனின் வெள்ளிக்கடைக்குப் பழைய சாமான் எது வந்தாலும் முதலில் ஷிஜாவின் கையைத் தாண்டியாக வேண்டும். கொலுசு, அரைஞாண், குங்குமச்சிமிழ், வாய் நசுங்கிய பஞ்சபாத்திரம், அப்புறம் காசுகள். பத்தொன்பது வருடமாக அவள் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். உருக்கப் போகிற காசுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. சொன்னால் புரிகிற ஆளாக இருந்தால் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

ஒரு வெள்ளிக்காசை மனிதர்கள் என்னவெல்லாம் பாடுபடுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்துப் பின்னால் பிய்த்தது, குழந்தையின் இடுப்பில் கட்ட ஓட்டை போட்டது, கோட்டுப் பொத்தானாக்கியது, உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க வட்டிக்கடைக்காரர் உளியால் கொத்தியது, கஷ்டகாலத்தில் ஓரத்தை வெட்டி விற்றது. எல்லாம் பின்னால் வந்த காயங்கள். ஆயிரத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி வரும். அதன் கோணல் காசு அடிக்கிற இடத்திலேயே உண்டானது. தழும்புக்கும் மச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். மச்சக்காசுகளைச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள் என்பதால் தாணுமாலையன் அவற்றை வெள்ளி உருக்குகிற மூசையில் போடுவதில்லை. எர்ணாகுளத்தில் பழங்காசு வாங்குகிற ரெனி என்று ஒருவன், "ஷிஜா சேச்சி பார்த்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் மேற்கொண்டு பேசவே ஆரம்பிப்பான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சுமந்த் என்பவன் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெள்ளிச்சாமான்களோடு வந்தான். பெங்களூரில் வேலை. ஸ்ரீவராகத்து வீட்டைப் பில்டருக்குக் கொடுத்துவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக வந்திருந்தான். ஷிஜா ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது டப்பாவின் அடியிலிருந்து ஒரு விக்டோரியா ரூபாய் உருண்டது. வலதுபக்கம் கீழே, பிறை வடிவத்தில் ஒரு துண்டு இல்லை.

"அது வெட்டின காசு," என்றான் சுமந்த். "எங்காத்துப் பூஜை ரூபாய். வேலைக்காரி ஒருத்தி தேய்க்க எடுத்துண்டு போய் ஓரத்தை வெட்டி வித்துட்டாளாம். அம்மா இன்னும் அந்தக் கதையைச் சொல்லிண்டிருப்பா. நீங்க வெயிட்டுக்குப் போட்டுக்கோங்கோ."

ஷிஜாவின் கை தராசின்மேல் அப்படியே நின்றது. "அவ பேரு தெரியுமா சார்?"

"எனக்கு அப்போ அஞ்சு வயசு. உலகம்னு ஏதோ வரும்."

உலகம்மாள். ஷிஜாவைப் பெற்றவள்.

"கல்லுல உரைச்சுப் பாக்கணும் சார். நாலு மணிக்கு வாங்க," என்றாள் ஷிஜா. சொன்னது பொய். வெள்ளியைத் தொட்டவுடனே தரம் சொல்கிறவளுக்கு உரைகல் எதற்கு? அவளுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் மூச்சுவிட நேரம்.

நடந்தது இதுதான். அந்த வீட்டில் அந்த ரூபாய்க்கு லட்சுமி ரூபாய் என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இடுவார்கள். பழைய சந்தனத்தை எடுக்கமாட்டார்கள், லட்சுமியைக் கழுவிவிடக்கூடாதாம். வாரத்துக்கு ஒரு பூச்சு என்று தலைமுறைக் கணக்கில் ஏறி, காசு சின்ன அதிரசம்போல் ஆகியிருந்தது. மாமியார் காலமான வருஷம், நவராத்திரிக்கு முன்னால், சுமந்தின் அம்மா சாவித்ரி பூஜைப்பாத்திரங்களை மொத்தமாகக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினாள். தட்டோடு தட்டாக லட்சுமி ரூபாயும் போய்விட்டது. உலகம்மாள் புளி போட்டு அழுத்தித் தேய்த்தாள். பூச்சு முழுக்கக் கரைந்து பளபளவென்று வந்த காசில் ஒரு ஓரம் இல்லை. ஐம்பது அறுபது வருஷத்தில் அந்தக் காசின் ஓரத்தைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவள்தான். அதனால் எடுத்தவளும் அவள்தான் என்று ஆயிற்று.

வாசலில் நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னார்கள். எதிர்வீட்டு மீரா மாமி, "சுருக்குப்பையையும் அவிழ்த்துக் காட்டச் சொல்லுடி," என்று எடுத்துக்கொடுத்தாள். எட்டு வயது ஷிஜா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அம்மா தப்பவில்லை, அதற்குள் சாலைக் கடைத்தெருவில் விற்றுவிட்டாள் என்றார்கள். அந்தத் தெருவில் நான்கு வீட்டு வேலையும் ஒரே நாளில் போயிற்று. அதற்குப் பிறகு உலகம்மாள் சித்தாள் வேலைக்குப் போனாள். ஆரியசாலைக்குப் பின்னால் இருக்கிற அவர்கள் லைன் வீட்டிலிருந்து எங்கே போவதானாலும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் முப்பது வருஷமாகப் போகிறாள்.

இதில் ஷிஜா யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அதே வாரத்தில்தான் அம்மா அவளுக்குச் சிவப்புநிறப் பள்ளிக்கூடப் பை வாங்கித் தந்தாள். பணம் எங்கிருந்து வந்தது என்று ஷிஜா கேட்கவில்லை. கேட்காமலே முப்பது வருஷம் அந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்திருந்தாள். இப்போது பதில் அவள் உள்ளங்கையில் இருந்தது. லென்ஸ் மேசையிலேயே கிடந்தது. எடுக்கக் கை வரவில்லை. வெட்டு என்று தெரிந்தால் என்ன செய்வது? பார்க்காமல் மூசையில் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

"நான் பாக்காம விட்டா, நானும் அந்தத் தெருவுல ஒருத்திதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

வெட்டிய காசில் எழுத்து கத்தியோடு போகும். பாதி எழுத்து இருக்கும், பாதி இருக்காது, நடுவில் சுத்தமான கோடு. இங்கே ராணியின் பட்டத்தில் கடைசி எழுத்துகள் அப்படி அறுபடவில்லை. பள்ளத்தின் பக்கம் சரிந்து, இழுபட்டு, கரைந்தாற்போல் இருந்தன. எழுத்து விழும்போதே அந்தப் பக்கம் வெள்ளி இல்லை. அவள் வேறொரு ரூபாயை எடுத்து அந்தப் பள்ளத்தில் பொருத்தினாள். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கத்திரியால் வெட்டுகிறவன் இன்னொரு ரூபாயின் வளைவுக்கு அளவெடுத்தா வெட்டுவான்?

கடைசிச் சோதனைதான் அவளுக்கு முக்கியம். காசைத் திருப்பி, பள்ளத்துக்கு நேர் எதிர் ஓரத்தைப் பார்த்தாள். காசு அடிப்பதற்கு முன் வெள்ளிவட்டத்தின் ஓரத்தை இரண்டு பக்கமும் நெருக்கி உருட்டி மேடாக்குவார்கள். ஈரச்சேலையை இரண்டு பேர் முறுக்குவது மாதிரி. ஒருமுனையில் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் மறுமுனையில் என்ன பலம் காட்டினாலும் முறுக்கு ஏறாது. ஒரு பக்கம் வெள்ளி இல்லாத வட்டத்துக்கும் அதே கதைதான், எதிர்ப்பக்க ஓரமும் எழும்பாது. பின்னால் வெட்டிய காசில் எதிர்ப்பக்கத்து ஓரம் எப்போதும்போல் கம்பீரமாக இருக்கும், இங்கே வெட்டியது அங்கே எப்படித் தெரியும்? ஷிஜா பார்த்தாள். சுற்றிலும் முத்துமுத்தாக வந்த ஓரவரிசை, அந்த ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் எழும்பாமல் சப்பையாகக் கிடந்தது.

கண்ணில் நீர் முட்டி லென்ஸ் மங்கியது. முதலில் வந்தது சந்தோஷம்தான். அதன் பின்னாலேயே கோபம் வந்தது, அது உச்சந்தலைவரை ஏறியது.

நான்கு மணிக்கு சுமந்த் வந்ததும், "இதை ஒருத்தரும் வெட்டல சார். அடிக்கும்போதே இப்படி," என்றாள். தாணுமாலையன் எழுந்துவந்து பார்த்தார். படம் எடுத்து ரெனிக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. ஷிஜா சேச்சி வீடியோவில் காசைக் காட்டிச் சொன்னால், உருக்குவிலையைப்போல் பல மடங்கு கொடுத்து எடுத்துக்கொள்கிறானாம். சுமந்தின் முகத்தில் விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று.

"அப்போ சொல்லிடுங்கோ. இப்பவே வீடியோ கால் போட்டுடலாம்."

"சொல்லமாட்டேன்," என்றாள் ஷிஜா.

"ஏன்?"

"அந்த வேலைக்காரி என் அம்மா சார். பேரு உலகம்மாள். நீங்க பாதிதான் சொன்னீங்க, முழுப்பேரும் தெரிஞ்சுக்கிடுங்க." அவள் காசை அவன் பக்கம் தள்ளினாள். "வெட்டினான்னு உங்க அம்மா தெரு முழுக்கச் சொன்னாங்க. வெட்டலன்னு நான் ஊருக்கெல்லாம் சொல்லி நீங்க விலை வாங்கணும், அல்லே? என் வாயில இருந்து ஒரு வார்த்தை வேணும்னா, உங்க அம்மா வாயில இருந்து ஒரு வார்த்தை வரணும். என் அம்மாகிட்ட."

தாணுமாலையன் அவளைத் தனியே கூப்பிட்டுப் பல்லைக் கடித்தார். "பிள்ளே, யாவாரத்துல வீட்டுச் சங்கதியக் கொண்டு வராதே கேட்டியா. ஆளு இறங்கிப் போயிட்டான்னா?"

"போகட்டும் அண்ணாச்சி. ரெனி கேக்கது உங்க வார்த்தையையா, என் வார்த்தையையா?"

அவர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அம்மாவிடம் பேசுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்படியும் ஷிஜாவிடம் சொல்லிவிட்டு சுமந்த் காசை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஷிஜா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அந்த ரூவா கடைக்கு வந்துச்சு. லென்ஸ் வச்சுப் பாத்தேன். நீ வெட்டல. சத்தியமா நீ வெட்டல!"

உலகம்மாள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். மகள் எதிர்பார்த்தது அழுகை. வந்தது வேறு.

"லென்சு வச்சுப் பாத்த பொறவுதான் ஒனக்குத் தெரிஞ்சுதாக்கும்?"

ஷிஜா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "அந்தப் பை... செவப்புப் பை..." என்றாள்.

"பையா? ஓணத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் புதுப்பை கொண்டுபோகுதுன்னு நீதானட்டி ராத்திரி பூரா அழுதே? என் மூக்குத்தியை வித்தேன்." உலகம்மாள் வெறும் மூக்கைத் தொட்டுக்காட்டினாள். "ஊர்க்காசையெல்லாம் கண்ணாடி வச்சுப் பாக்குத. பெத்தவ மூக்கை என்னைக்காவது பாத்தியா?"

ஷிஜா தரையில் உட்கார்ந்து அழுதாள். முப்பது வருஷத்து அழுகை அது, லேசில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பதை அழுகைக்கு நடுவிலேயே சொன்னாள். உலகம்மாள் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கிழங்கை உரித்து முடித்து, அடுப்பில் ஏற்றிவிட்டு, "ஞாயித்துக்கிழமை நானும் வாரேன்," என்றாள். "ஆனா கொல்லைவழியா வரமாட்டேன். முன்வாசல் வழியாத்தான் வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் முன்வாசல் வழியாகத்தான் போனாள். கூடத்தில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தது. நாற்காலியில் சாவித்ரி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கி, கண்ணில் புரை விழுந்து, ஆள் பாதியாகியிருந்தாள். குரல் மட்டும் குறையவில்லை.

"முப்பது வருஷத்துக் கதையை இப்போ எதுக்குக் கிளறணும்? காசைப் பார்த்தா வெட்டின மாதிரி இருந்தது. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பா."

"நான் பாத்தேன், சொல்லல," என்றாள் ஷிஜா. பையிலிருந்து இன்னொரு ரூபாயை எடுத்தாள். நிஜமாகவே யாரோ வெட்டிய காசு, கடையிலிருந்து கொண்டுவந்தது. சுமந்திடமிருந்து லட்சுமி ரூபாயை வாங்கி, இரண்டையும் சாவித்ரியின் கையில் வைத்தாள். "கண்ணு தெரியலேன்னா விரல் போதும் மாமி. இது வெட்டின காசு. ஓரத்தைத் தடவுங்க, சுத்திவர மேடு இருக்கா? இப்ப உங்க காசைத் தடவுங்க. பள்ளத்துக்கு நேர் எதிர்ல."

சாவித்ரி தடவினாள். மறுபடியும் தடவினாள். "இங்கே வழவழன்னு இருக்கே."

"நீங்க சோமாசி பண்ணுவீங்களே, மாவைப் பரத்தி டப்பா மூடியால வட்டம் வட்டமா வெட்டுவீங்க. ஒருதடவை மூடியை ஏற்கெனவே வெட்டின ஓட்டைமேல கொஞ்சம் ஏத்தி வச்சிட்டா?"

"பிறை மாதிரி ஒரு பக்கம் இல்லாம வரும்." சாவித்ரிக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. எத்தனை தீபாவளி பார்த்த கை. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

"வெள்ளித்தகட்டுலயும் அப்படித்தான் வெட்டி எடுப்பாங்க. அப்படி வந்த வட்டம் இது. அதுமேல ராணி தலையை அடிச்சு அனுப்பிட்டாங்க. சந்தனத்தை அப்பி அப்பி நீங்க ஒருத்தரும் பாக்கல. தேச்சுக் கழுவினவ பாத்தா. அவ செஞ்ச குத்தம் நல்லாத் தேச்சதுதான்."

சுமந்த் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். சாவித்ரி லட்சுமி ரூபாயை உலகம்மாள் இருந்த பக்கம் நீட்டினாள்.

"தெரியாம நடந்துபோச்சு உலகம்மா. இதை நீயே வச்சுக்கோ. உனக்குன்னே இருக்கட்டும்."

"அம்மா!" என்று பதறினான் சுமந்த்.

அத்தனை நேரம் வாய் திறக்காத உலகம்மாள் இப்போது சிரித்தாள். "அன்னைக்கு எடுக்காததை இன்னைக்குக் கொண்டுபோகவா? நல்லாத்தான் இருக்கு மாமி. கடைசியில கொண்டுதானே போனான்னு இந்தத் தெரு சொல்லும். ஒங்க ரூவா எனக்கு வேண்டாம். அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீயளோ, அங்க வச்சுச் சொல்லுங்க."

"எங்கே?"

"வாசல்ல."

"என்னால நடக்க முடியலைடி. அந்தக் காலத்து மனுஷா யார் இருக்கா இப்போ கேக்கறதுக்கு?"

"எதுத்த வீட்டு மீரா மாமி இருக்காவ. வரும்போதே பாத்துட்டுத்தான் வந்தேன்."

சாவித்ரி எழுந்திருக்கவில்லை. உலகம்மாள் எழுந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைக் கடந்து தெருவுக்கு நடுவே போய் நின்றாள். கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். ஸ்கூட்டரில் வந்த ஒருவன் காலை ஊன்றினான். எதிர்வீட்டுக் கம்பிக்கதவுக்குப் பின்னால் மீரா மாமி எட்டிப்பார்த்தாள்.

உலகம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஒரு உதறு உதறினாள். துவைகல்லில் அடித்தாற்போல் சத்தம் கேட்டது. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பஸ் டிக்கெட்டும், ஒரு சிட்டிகைப் புகையிலையும், இரண்டு நாணயங்களும் விழுந்தன.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க! சாவித்ரி மாமி வீட்டுல இருந்து உலகம்மா போறேன். ஒண்ணும் கொண்டுபோகல. முப்பது வருசத்துக்கு முந்தியும் ஒண்ணும் கொண்டுபோகல!"

ஷிஜா ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். எட்டு வயதில் நின்ற அதே இடம். அன்றைக்குச் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். இன்றைக்கு முகத்தை நிமிர்த்தி, பார்க்கிறவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுமந்த் தாங்கிப் பிடிக்க, சாவித்ரி நிலைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையில் காசு இருந்தது. எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, மெல்ல, "மீரா, இவ எடுக்கலைடி," என்றாள்.

மீரா மாமி காதில் கையை வைத்தாள். "என்ன? என்ன சொல்றே?"

"காது கேக்கலையாம் மாமி," என்றாள் உலகம்மாள். அவள் குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கு நல்ல சத்தமாத்தானே சொன்னீய."

சாவித்ரி நிலைச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினாள். "உலகம்மா எடுக்கலை! காசு அடிச்சப்பவே அப்படித்தான் வந்திருக்கு! நான்தான் பொய்யாப் பழி போட்டேன்!"

தெருக்கோடிக் குளத்துக்கரை வரைக்கும் அது கேட்டிருக்கும். ஸ்கூட்டர்க்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றான். மீரா மாமி கம்பிக்கதவை விட்டு உள்ளே போய்விட்டாள்.

உலகம்மாள் கீழே கிடந்த இரண்டு நாணயங்களைக் குனிந்து பொறுக்கினாள், அவை அவளுடையவை. பையில் போட்டு, கயிற்றை இழுக்காமல் வாயைத் திறந்தபடியே மகளிடம் நீட்டினாள்.

"நீயும் ஒருக்கப் பாத்துக்க. லென்சு கொண்டாந்திருக்கியா?"

ஷிஜா பைக்குள் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு அம்மாவின் இடுப்பில் செருகினாள்.